பழைய கார்புரேட்டர் வண்டியைக் குளிரில் கிளப்புவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் இருக்கிறேன். வீட்டில் 1994 மாடல் புல்லட் 350 ஒன்று, 1992 மாடல் ஆர்எக்ஸ் 100 ஒன்று. மாமாவின் யெஸ்டியும் வருஷத்தில் பாதி நாள் எங்கள் ஷெட்டில்தான் கிடக்கும். டிசம்பர் பிறந்தால் போதும், காலை ஆறரை மணிக்கு யாராவது போன் செய்து, "அடிச்சு அடிச்சு கால் போச்சு, வண்டி கிளம்ப மாட்டேங்குது" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. முப்பது வருஷமாகக் குளிரில் கிக்கர் அடித்த அனுபவமும், இரண்டு நல்ல பட்டறைகளில் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக் கற்றதும்தான் கையிருப்பு.

மத்தியானம் ஒரே கிக்கில் கிளம்புகிறது. காலையில் மட்டும் ஏன் இந்த அடம்?

பெட்ரோல் திரவமாக இருக்கும்வரை எரியாது. அதன் ஆவிதான் எரியும். பெட்ரோல் ஒரே பொருளும் இல்லை, பல எண்ணெய்களின் கலவை. லேசானவை 35 டிகிரி வாக்கில் கொதிக்கத் தொடங்கும். கனமானவை 200 டிகிரி வரை கேட்கும். இன்ஜின் சூடாக இருந்தால் எல்லாமே ஆவியாகி உள்ளே போய்விடும். ஐந்து டிகிரி குளிரில் லேசானவை மட்டும் ஆவியாகும். மீதியெல்லாம் இன்டேக் குழாயின் உட்சுவரில் துளித்துளியாகக் கோத்துக்கொண்டு நிற்கும், இட்லிப் பானை மூடியில் தண்ணீர் கோப்பது போல. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் சரியான அளவு அனுப்பியும், பொறி விடும் பிளக்குக்கு வந்து சேரும் ஆவி போதுவதில்லை. பல மடங்கு கூடுதலாக அனுப்பினால்தான் தேவையான ஆவி கிடைக்கும். சோக்கின் வேலை அவ்வளவுதான்.

இன்னொரு இடைஞ்சல், நம் கால். கிக்கர் அடிக்கும்போது இன்ஜின் சுற்றுவது மிக மெதுவாக. கார்புரேட்டர் பெட்ரோலை உறிஞ்சுவது அதன் வழியே ஓடும் காற்றின் வேகத்தால். காற்று மெதுவாகப் போனால் மெயின் ஜெட்டிலிருந்து (பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை) ஒன்றும் ஏறாது. இதற்கு மேல் 20டபிள்யூ-50 ஆயில் விடியற்காலையில் தேன் மாதிரி இருக்கும், கிக்கர் இன்னும் கனக்கும். பேட்டரியும் பூஜ்ஜிய டிகிரி பக்கம் போனால் தன் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்வதுதான் பிரச்சினை.

சோக் எல்லா வண்டியிலும் ஒன்றுதானே?

இல்லை. காலையில் வரும் தகராறில் பாதி இந்த நினைப்பால்தான் வருகிறது. சோக் என்று ஒரே பெயர் சொல்கிறோம், உள்ளே இருப்பது மூன்று வேறு வேறு சாமான்கள்.

முதலாவது, காற்றை மறிக்கும் தகடு. ஹீரோ ஹோண்டா சிடி 100, ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளின் கெய்ஹின் கார்புரேட்டரில் இருப்பது. லீவரைப் போட்டால் காற்று வரும் வாயை ஒரு தகடு மூடும். உள்ளே உறிஞ்சல் கூடி எல்லா ஜெட்டிலிருந்தும் பெட்ரோல் ஏறும். உண்மையில் சோக் என்ற பெயருக்குப் பொருத்தமானது இது ஒன்றுதான்.

இரண்டாவது, புல்லட்டில் வரும் மிக்கார்ப் விஎம் 24, ஆர்எக்ஸ் 100-இன் மிக்குனி ஆகியவற்றில் இருப்பது. இதில் காற்றை எதுவும் மறிப்பதில்லை. லீவரைப் போட்டால் ஒரு சின்ன பிளஞ்சர் மேலே தூக்கிக்கொள்ளும். அதன் அடியில் தனியாக ஒரு குட்டிக் கார்புரேட்டர் திறந்துகொள்ளும். அதற்கென்று தனி ஜெட், தனிக் காற்றுவழி. அது வேலை செய்ய வேண்டுமானால் ஆக்சிலேட்டர் முழுக்க மூடியிருக்க வேண்டும். மூடியிருந்தால்தான் இன்ஜின் பக்கம் பலமான உறிஞ்சல் இருக்கும்.

மூன்றாவது, ஜாவா, யெஸ்டியின் ஜிக்கோவ் கார்புரேட்டரில் ஃப்ளோட் அறைக்கு (பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணம்) மேலே இருக்கும் சின்னப் பித்தான். அதை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஃப்ளோட், அதாவது மிதவை, கீழே இறங்கும், பெட்ரோல் மட்டம் வழக்கத்தைவிட மேலே ஏறி வழியும். மறிப்பதும் இல்லை, தனி ஜெட்டும் இல்லை. நாமே கையால் கூடுதல் பெட்ரோல் ஊற்றுகிற மாதிரி.

உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு மேலே படியுங்கள். ஒன்றுக்கான பழக்கத்தை இன்னொன்றில் காட்டினால் கால்தான் வலிக்கும்.

சோக் போட்டுவிட்டு ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கினால் நல்லதுதானே?

புல்லட்டிலும் ஆர்எக்ஸிலும் கூடவே கூடாது. நீங்கள் முறுக்கியதும் உறிஞ்சல் விழுந்துவிடும், அந்தக் குட்டிக் கார்புரேட்டர் படுத்துவிடும். சோக் போட்டும் போடாத கதைதான். வேறு வண்டி ஓட்டிப் பழகியவர்கள் என் ஆர்எக்ஸை வாங்கி இருபது கிக் அடித்துவிட்டு, "சோக் வேலை செய்யவில்லை" என்று திருப்பித் தருவார்கள். வலது கையை ஹேண்டில் பாரிலிருந்து எடுத்து டேங்க்கின் மேல் வைக்கச் சொல்லிவிட்டு அடிக்கச் சொல்வேன். இரண்டாவது கிக்கில் கிளம்பும்.

தகடு சோக் இருக்கும் வண்டியில் ஒரு நூல் அளவு திறந்தால் கெடுதல் இல்லை, சில வண்டிக்கு அது பிடிக்கவும் செய்யும்.

கிக்கருக்கு முன்பு ஆக்சிலேட்டரை நாலு தடவை முறுக்கி முறுக்கி விடுகிறார்களே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளே பம்ப் இருக்கும் கார்புரேட்டரில் அப்படிச் செய்தால் பெட்ரோல் பீய்ச்சும். பழைய கார்களில் அது உண்டு. நான் மேலே சொன்ன வண்டிகளில் அந்தப் பம்ப்பே கிடையாது. இன்ஜின் சுற்றாமல் முறுக்கினால் காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடு மேலும் கீழும் போய் வரும், அவ்வளவுதான். சாமி கும்பிடுகிற மாதிரி, மனசுக்குத் திருப்தி.

புல்லட்டுக்கு சரியான வரிசை என்ன?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350-இல் ஒரே சிலிண்டர், 346 சிசி. பிஸ்டனின் குறுக்களவு 70 மி.மீ., அது ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. இவ்வளவு பெரிய பிஸ்டனைக் காற்றழுத்தத்துக்கு எதிராக வெறும் கால் பலத்தால் தள்ளிவிட முடியாது. அதற்குத்தான் இடது கைப்பிடியில் டிகம்ப்ரஷர் லீவர் இருக்கிறது. அதைப் பிடித்தால் சிலிண்டர் ஹெட்டில் ஒரு சின்ன வால்வு திறந்து அழுத்தம் வெளியேறிவிடும். அதைப் பிடித்துக்கொண்டே வண்டியைக் கிளப்புவது என்று சிலர் நினைக்கிறார்கள். அது பிஸ்டனைச் சரியான இடத்தில் நிறுத்த மட்டும்தான்.

நான் செய்வது இது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, டேங்க்கின் அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பைத் திறந்து, பத்துப் பதினைந்து விநாடி சும்மா நிற்பேன். ஃப்ளோட் அறை நிரம்ப அவ்வளவு நேரம் வேண்டும். பலரும் டேப்பைத் திறந்த கையோடு உதைத்துவிட்டு வண்டியைத் திட்டுகிறார்கள். நியூட்ரல் இருக்கிறதா என்று வண்டியை லேசாக அசைத்துப் பார்ப்பேன். அப்புறம் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கிக். இரவெல்லாம் குளிரில் ஆயிலோடு ஒட்டிக்கிடந்த கிளட்ச் தட்டுகள் பிரிய இது உதவும். இல்லாவிட்டால் முதல் கியர் போடும்போது "டங்" என்று வண்டி துள்ளும்.

அடுத்து சோக் போட்டு, சாவியைப் போடாமல், டிகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு நிதானமாக மூன்று நாலு தடவை கிக்கரை மிதிப்பேன். ஆயில் கொஞ்சம் அசையும், பெட்ரோல் ஆவி உள்ளே ஏறும்.

இனிமேல்தான் அழகான பகுதி. சாவியைப் போடுங்கள், விளக்கு எதுவும் எரியக் கூடாது. ஹெட்லைட்டுக்கு மேலே, மின்சார ஓட்டத்தைக் காட்டும் அம்மீட்டர் முள்ளைப் பாருங்கள். கிக்கரைக் காலால் மெல்ல, மெல்ல அழுத்துங்கள். பாயிண்ட் (இன்ஜின் சுற்றச் சுற்றத் திறந்து மூடும் குட்டி சுவிட்ச்) மூடியிருக்கும்போது, பிளக்கில் பொறியை உண்டாக்கும் காயிலுக்கு மின்சாரம் போவதால் முள் இடதுபக்கம் சாய்ந்து நிற்கும். அழுத்த அழுத்த ஓர் இடத்தில் கால் முட்டும். அதே வேளையில் முள் ஒரு நடுக்கம் நடுங்கி நடுவுக்கு வந்து நிற்கும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் அழுத்தத்தின் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது டிகம்ப்ரஷரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை மட்டும் கீழே தள்ளுங்கள். பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிடும். டிகம்ப்ரஷரை விட்டுவிடுங்கள். கிக்கரை மேலே வர விட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், முழு உடம்பு கனத்தையும் இறக்கி அடிவரை ஒரே மிதி.

இப்படி வைத்து அடித்தால் அடுத்த அழுத்தம் வருவதற்குள் இன்ஜினுக்குக் கிட்டத்தட்ட இரண்டு சுற்று கிடைக்கும். ஃப்ளைவீல் அதற்குள் வேகம் பிடித்துவிடும். கால் பலம் இரண்டாம்பட்சம். எங்கள் தெருவில் நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள ஒரு டீச்சர் தன் அப்பாவின் புல்லட்டை இப்படித்தான் கிளப்புகிறார். ஜிம்முக்குப் போகும் அவர் தம்பியால் முடியவில்லை. தம்பிக்கு முள்ளைப் பார்க்கப் பொறுமை இல்லை.

ஒரு எச்சரிக்கை: கிளம்பாமல் பாதியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் சாவியை அணையுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் சுட்டுப் பழுதாகும், பேட்டரியும் இறங்கும்.

கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கிவிட்டது. என் தப்பா, வண்டியின் தப்பா?

இரண்டும் இருக்கலாம். அரை மனதோடு பாதிவரை மிதித்தால் பிஸ்டன் உச்சிக்குப் போகும் முன்பே பிளக் எரித்துவிடும், இன்ஜின் பின்னோக்கித் திரும்பி கிக்கரை மேலே எறியும். எனக்கும் ஒரு முறை நடந்திருக்கிறது, ரப்பர் செருப்போடு, அவசரத்தில். மூன்று வாரம் நொண்டினேன். வீட்டில் யாரும் பரிதாபப்படவில்லை.

சரியாக மிதித்தும் அடிக்கடி திருப்பி அடிக்கிறது என்றால் டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம், முந்தியிருக்கிறது, பட்டறையில் காட்டுங்கள். ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பாதத்தின் நடுப்பகுதி கிக்கரில் இருக்கட்டும், முழங்காலை விறைப்பாக நீட்டி நிற்காதீர்கள்.

ஆர்எக்ஸ் 100-க்கு?

டேப்பைத் திற, சோக் போடு, ஆக்சிலேட்டரைத் தொடாதே, உதை. இரண்டு மூன்று கிக்கில் கிளம்பாவிட்டால் பிளக்கைப் பாருங்கள். பாயிண்ட் இல்லாத, எலக்ட்ரானிக் சிடிஐ இக்னிஷன் என்பதால் பேட்டரி செத்திருந்தாலும் பொறி வரும். புல்லட் மாதிரி முள் பார்க்கிற சடங்கு எதுவும் கிடையாது.

கிளம்பிய பிறகு செய்வதுதான் முக்கியம். குளிர்ந்த இன்ஜினில் ரேஸ் கொடுக்காதீர்கள். அந்த "ரிங் டிங் டிங்" சத்தத்தைக் கேட்க எல்லோருக்கும் ஆசைதான், எனக்கும். ஆனால் அலுமினியப் பிஸ்டன் சட்டென்று சூடாகி விரியும். சுற்றியிருக்கும் இரும்பு லைனர் அவ்வளவு வேகமாக விரியாது. இடைவெளி இல்லாமல் போய்ப் பிஸ்டன் சிலிண்டரைக் கடித்துக்கொள்ளும். சீஸ் ஆவது நெடுஞ்சாலையில் மட்டும் நடப்பதில்லை, வீட்டு வாசலிலும் நடக்கும். அரை நிமிஷம் ஓடவிட்டு, சோக்கை எடுத்து, முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மென்மையாக ஓட்டினால் போதும்.

யெஸ்டியில் அந்தப் பித்தானை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும்?

விரலில் ஈரம் படும்வரை. அதாவது ஒரு சொட்டு வழிந்து விரல் நுனியில் ஜில்லென்று உறைக்கும், அந்தக் கணமே கையை எடுத்துவிடுங்கள். மாமா அதற்கு மேல் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவார். அவர் எண்ணும் நாட்களில்தான் பிளக்கைக் கழற்ற வேண்டி வரும். சூடான இன்ஜினில் அந்தப் பித்தானைத் தொடவே வேண்டாம். வழியும் பெட்ரோல் சூடான இரும்பில் விழும்.

யெஸ்டியின் கியர் லீவரே கிக்கர் என்பதால் மிதித்து முடித்ததும் அது தன் இடத்துக்குத் திரும்பியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இதில் பெட்ரோலோடு ஆயில் கலந்திருக்கிறது. வண்டி பத்து நாள் நின்றால் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் ஆவியாகிப்போய் ஆயில் மட்டும் பிசுபிசுவென்று மிஞ்சும், ஜெட்டை அடைக்கும். சில நாள் ஓட்டப்போவதில்லை என்று தெரிந்தால், வீட்டுக்கு இருநூறு மீட்டர் முன்னாலேயே டேப்பை மூடிவிட்டு உள்ளே இருப்பதை எரித்தபடியே வந்து சேருங்கள்.

நிறைய உதைத்துவிட்டேன். இப்போது ஒரே பெட்ரோல் நாற்றம். என்ன செய்ய?

ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது. பிளக் நனைந்து கிடக்கிறது, இனி சோக்கோடு எத்தனை உதைத்தாலும் நிலைமை மோசமாகத்தான் ஆகும். சோக்கை எடுங்கள், டேப்பை மூடுங்கள், சாவியை அணையுங்கள். ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு தடவை கிக்கரை மிதியுங்கள். புல்லட்டானால் டிகம்ப்ரஷரையும் பிடித்துக்கொள்ளலாம். உள்ளே தேங்கிய பெட்ரோலைக் காற்று அடித்துக்கொண்டு போகும். ஐந்து நிமிஷம் விட்டு, சாவி போட்டு, ஆக்சிலேட்டரைக் கால்பங்கு திறந்து அடியுங்கள். கிளம்பினால் குப்பென்று புகை விடும், பயப்படாதீர்கள். பிறகு டேப்பைத் திறக்க மறக்காதீர்கள். மறந்துவிட்டுத் தெருமுனையில் நின்றவர்கள் உண்டு.

அப்படியும் வராவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவையுங்கள், அல்லது காய்ந்த வேறொன்றைப் போடுங்கள். டேங்க் பைக்குள் ஒரு மாற்று பிளக்கும் பிளக் ஸ்பேனரும் எப்போதும் இருக்க வேண்டும். பிளக்கை அடுப்பில் காட்டிச் சூடாக்குவது பழைய வழக்கம். செய்வதானால் வண்டியிலிருந்தும் பெட்ரோல் பட்ட துணியிலிருந்தும் தள்ளி, சமையலறைக்குள் கொண்டுபோய்ச் செய்யுங்கள். உதைத்துப் பெட்ரோல் வழிந்த ஷெட்டில் தீக்குச்சி உரசுகிறவரைப் பார்த்திருக்கிறேன்.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது. பத்து நிமிஷம் ஆனாலும் அதே கதை.

இது குளிர் பிரச்சினை இல்லை. சோக் ஒரு குறையை மறைத்துக்கொண்டிருக்கிறது. அனேகமாக, ஆக்சிலேட்டரை முறுக்காமல் ஸ்லோவில் ஓடும்போது பெட்ரோல் தரும் பைலட் ஜெட் அடைத்திருக்கும். பட்டறையில் ஸ்லோ ஜெட் என்பார்கள். அதன் துளை தலைமுடி அளவுதான். ஒரு துரும்பு போதும். கழற்றிக் கிளீனர் அடித்து, காற்று ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். ஊசியையோ இரும்புக் கம்பியையோ விட்டுக் குத்தாதீர்கள். ஜெட் பித்தளை, துளை பெரிதாகிவிடும். அப்புறம் காலமெல்லாம் கரும்புகைதான்.

ஜெட் சுத்தமாக இருந்தால் அடுத்து கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பைப் பாருங்கள். அங்கே ரப்பர் வெடித்திருந்தால் திருட்டுக் காற்று உள்ளே போகும். வண்டி ஸ்லோவில் ஓடும்போது அந்த இடத்தில் கொஞ்சம் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். சத்தம் மாறினால் கசிவு அங்கேதான்.

ஸ்டார்ட் ஆனதும் எவ்வளவு நேரம் நிறுத்திச் சூடாக்க வேண்டும்?

ஒரு நிமிஷம், மிஞ்சினால் இரண்டு. ஹெல்மெட் மாட்டி, ஜெர்கின் ஜிப்பை இழுத்து, கேட்டைத் திறக்கும் நேரம் சரியாக இருக்கும். பத்து நிமிஷம் நிறுத்தி வைத்து உறுமவிடுவது வண்டிக்குச் செய்யும் மரியாதை என்று நினைப்பவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். சோக்கோடு நீண்ட நேரம் ஓடினால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். தேய்மானம்தான் மிச்சம். மெதுவாக ஓட்டும்போதுதான் இன்ஜின் சீராகச் சூடேறும்.

மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது. சோக் போட்ட இன்ஜின் கார்பன் மோனாக்சைடை அதிகமாகக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வண்டியைச் சூடாக்குவது உயிரோடு விளையாடுவது. வெளியே தள்ளிக்கொண்டு வந்து கிளப்புங்கள்.

முந்தின இரவே ஏதாவது செய்து வைக்கலாமா?

டேப்பை மூடுங்கள். இதை மட்டும் செய்தாலே போதும். அறை நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி தேய்ந்த வண்டியில் டேப்பைத் திறந்தே விட்டால் இரவெல்லாம் பெட்ரோல் சொட்டும். வெளியே வழிந்தால் பரவாயில்லை, தெரிந்துவிடும். இன்ஜினுக்குள் இறங்கினால் ஆர்எக்ஸ், யெஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக்கில் அடி அறை நிரம்பும், புல்லட்டில் ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள்; பெட்ரோல் வாசனை அடித்தால் ஆயிலை மாற்றிவிட்டுத்தான் வண்டியைத் தொட வேண்டும்.

அப்பா இரவில் இன்ஜின் மேல் ஒரு கோணிச் சாக்கைப் போர்த்துவார். விடியும்வரை அதில் சூடு நிற்காது என்பது எனக்குத் தெரியும். பனி ஈரம் பிளக் கேப்பிலும் ஒயரிலும் படியாமல் இருக்கும், அது நிஜம். நானும் போர்த்துகிறேன்.

கோயம்புத்தூரில் ட்யூன் செய்த வண்டி ஊட்டிக்கு வந்ததும் கரும்புகை விடுகிறதே?

மலையடிவாரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது, கீழே ஊற்றிய அளவிலேயே பெட்ரோலை ஊற்றும். கலவை தானாகவே கனத்துவிடும். அதனால் ஊட்டியில் குளிர் கூடுதல் என்றாலும் சோக் நேரம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே போதும். தலைகுந்தாவில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடந்த ஒரு காலையில், என் ஆர்எக்ஸுக்கு சோக்கை இருபது விநாடியில் எடுக்க வேண்டியிருந்தது. விட்டுவைத்தால் குமட்டிக்கொண்டு அணையப் பார்த்தது. இரண்டு நாள் சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் எதையும் திருகாதீர்கள். இங்கேயே வைத்து ஓட்டுவதானால் ஜெட்டை ஒரு சைஸ் குறைக்கலாம்.

இ20 பெட்ரோல் வந்ததிலிருந்து காலையில் தகராறு கூடிவிட்டதா, எனக்கு மட்டும் அப்படித் தோன்றுகிறதா?

உங்களுக்கு மட்டும் இல்லை. 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் தொடங்கி, இப்போது எங்கே போனாலும் இருபது சதவீத எத்தனால் கலந்ததுதான். எத்தனால் 78 டிகிரியில்தான் கொதிக்கும். ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் கேட்கும். குளிர்ந்த இன்ஜினில் அந்த வெப்பத்துக்கு எங்கே போவது? அதோடு, வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று போதும் என்றால், இ20-க்கு 13.5 கிலோ வாக்கில்தான் வேண்டும். பழைய ஜெட் பழைய கணக்கில் ஊற்றுவதால் கலவை மெலிந்துபோகிறது. நானும் சோக்கை முன்பைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக வைக்கிறேன்.

ஸ்லோ கலவையைக் கால் சுற்று கனமாக்கினால் நல்ல வித்தியாசம் தெரியும். ஆனால் ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்க்ரூ, உள்ளே திருகினால் கலவை கனக்கும். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் ஸ்க்ரூ, வெளியே திருக வேண்டும். மாற்றித் திருகிவிட்டு வண்டி கெட்டுவிட்டது என்று வந்தவர்கள் பலர்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். மலை மூட்டத்தில் பாதி டேங்க்கோடு மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். டேப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். பழைய ரப்பர் ஓ-ரிங்குகளும் டேப் வாஷரும் ஊறிப்போகும். வருஷம் ஒரு தடவை மாற்றுங்கள், பெரிய செலவில்லை.

மூன்று நாலு மாதம் நின்ற வண்டி?

கார்புரேட்டர் அடியில் இருக்கும் வடி ஸ்க்ரூவைத் திறந்து பழைய பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பழுப்பாக, வார்னிஷ் வாசனையோடு வந்தால் கார்புரேட்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். லேசான பகுதி எல்லாம் பறந்துபோன பெட்ரோலுக்குக் குளிரில் தீப்பிடிக்காது. டேங்க்கிலும் அதேதான் இருக்கும், புதிதாக இரண்டு லிட்டராவது ஊற்றுங்கள். புல்லட்டில் பாயிண்ட்டின் மேல் மெல்லிய படலம் படிந்திருக்கும். சுத்தமான விசிட்டிங் கார்டு ஒன்றை நடுவில் வைத்து இரண்டு தடவை இழுத்தால் போய்விடும்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

செய்யலாம், இரண்டாவது கியரில். முதல் கியரில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். பேட்டரி அடியோடு செத்த புல்லட் தள்ளினாலும் வராது, காயிலுக்குக் கொஞ்சமாவது மின்சாரம் வேண்டும். எங்கள் ஊரில் எல்லாத் தெருவும் சரிவு என்பதால் பலருக்கு இதுவே தினசரி வழக்கம். கீழே போய்ச் சேர்ந்தும் கிளம்பாவிட்டால் மேலே தள்ளிக்கொண்டு வருவது யார் என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை கிக்குக்கு மேல் மெக்கானிக்கைக் கூப்பிடலாம்?

பத்து கிக் வரை சரி. அதற்கு மேல் உதைப்பது கோபத்தில்தான். பிளக்கைக் கழற்றிக் கேப்பில் மாட்டி, அதன் மரைப் பகுதியை சிலிண்டர் ஹெட்டில் ஒட்டவைத்து, சாவி போட்டு மிதித்துப் பாருங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள், அதிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். நீலமாகச் "சட் சட்" என்று பொறி வந்தால் மின்சாரம் சரி. மஞ்சளாக, நோஞ்சானாக வந்தால் பிளக், கேப், பாயிண்ட், கண்டென்சர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பொறி நன்றாக இருந்து பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் ஓவர்ஃப்ளோ.

பட்டறைக்குப் போகும்போது அந்தப் பிளக்கைத் துடைக்காமல் ஒரு காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் எடுத்துப் போங்கள். நல்ல மெக்கானிக் வண்டியைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் கேட்பார்.